நரம்பு வலியும் நம்ம பெண்களும்

(ராதாபுரத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவின் பிற்பகல் அமர்வில், ஓய்வுபெற்ற செவிலியர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாடு முடிஞ்சதும் என்னைப் பேச விட்டிருக்காங்க. தூக்கம் வரும். வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இங்க இருக்கிறதுல நிறையப் பேர் ராத்திரி ஒழுங்கா உறங்காதவங்கன்னு எனக்குத் தெரியும். ஏன் உறங்கலைங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

செயலாளர் அக்கா சத்துணவு பத்திப் பேசச் சொன்னாங்க. நான்தான் நரம்பு வலி பத்திப் பேசுறேன்னு கேட்டு வாங்கினேன். காரணம் உங்க தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கு. உள்கடன் எதுக்குன்னு எழுதுற இடத்துல "மருத்துவச் செலவு"ன்னு போட்டிருக்கும். பிரசவம், ஆபரேசன்னா பெரிய தொகை, எல்லாருக்கும் தெரியும். ஆனா 3,000, 5,000-ன்னு சின்னச் சின்னதா எடுக்கிறீங்களே, அது எதுக்குன்னு கேட்டா, ஒருத்தி நரம்பு ஊசிங்கா, ஒருத்தி எண்ணெய்ங்கா, ஒருத்தி ஸ்கேனுங்கா. கடன் அடைஞ்சிருது. வலி அடையலை.

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். எல்லா வலியும் நரம்பு வலி இல்லை. நாள் முழுக்க மண்வெட்டி பிடிச்சா தோள் வலிக்கும், அது தசை வலி. முட்டி தேஞ்சா வலிக்கும், அது மூட்டு வலி. இதெல்லாம் கெட்ட இடத்துல இருந்து கிளம்பி, நரம்பு வழியா மூளைக்குப் போற சேதி. நரம்பு வலி வேற. சேதி கொண்டு போற நரம்பே கெட்டுப் போயிருது. கெட்டுப்போன நரம்பு, சும்மா கிடக்கிற கால்ல தீப்பிடிச்சிருச்சுன்னு பொய்ச் சேதி அனுப்புது. சேதிதான் பொய். வலி பொய் இல்லை. இந்த ரெண்டையும் சேர்த்தே மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால தேவைப்படும்.

எது நரம்பு வலின்னு கண்டுபிடிக்க, நீங்க சொல்ற வார்த்தையே போதும். "மிளகாய்ப் பொடி தூவினாப்ல எரியுது", "கரண்டு அடிச்சாப்ல சுரீர்ங்குது", "எறும்பு ஊருது", "ஊசி குத்துது", "பஞ்சு மேல நடக்கிறாப்ல இருக்கு", "மதமதன்னு இருக்கு". இந்த மாதிரி வார்த்தை வந்தா அது பெரும்பாலும் நரம்பு. ராத்திரி கூடும். போர்வை பட்டாலே தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போனா "காலு வலிக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கிறோம். டாக்டர் வலி மாத்திரை எழுதிருவார். எரியுதா, குத்துதா, மரத்துப் போச்சா, எந்த விரல், பகலா ராத்திரியா, இத்தனையும் சொல்லுங்க. வீட்டுல வச்சு ஒரு துண்டுத் தாள்ல எழுதிட்டுப் போனாலும் சரி. பின்னால நிக்கிற வரிசையைப் பார்த்துப் பயந்து பாதிய விழுங்காதீங்க.

நம்ம பக்கத்துல இந்த வலிக்கு முதல் காரணம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட சேர்ந்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு. நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்குன்னு அதுல கண்டாங்க. ரத்தத்துல சர்க்கரை வருசக்கணக்கா கூடுதலா ஓடினா, நரம்பும் கெடும், நரம்புக்குச் சோறு போடுற மெல்லிய ரத்தக் குழாயும் கெடும். உடம்புலேயே நீளமான நரம்பு இடுப்புல இருந்து கால் விரல் நுனி வரைக்கும் போறது. அதனால முதல் அடி கால் விரல் நுனிக்கு. அங்க இருந்து பாதம், கணுக்கால், கெண்டைக்கால்னு ஏறும். சாக்ஸ் போட்டாப்ல ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி இருக்கும். முட்டிக்கிட்ட வந்ததும் கை விரல் நுனியிலயும் ஆரம்பிக்கும். ஒரு காலு மட்டும் இடுப்புல இருந்து இழுத்துக்கிட்டு வந்தா அது பெரும்பாலும் முதுகுத் தட்டு நரம்பை அழுத்துறது. அது வேற வைத்தியம்.

சர்க்கரைன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன், கருப்பட்டி விக்கிற அக்காமார் கோவிச்சுக்கிடக் கூடாது. "நான் சீனியே தொடுறதில்லை, கருப்பட்டிக் காப்பிதான்"னு பெருமையா சொல்லுதோம். கருப்பட்டியும் சர்க்கரைதான். பதநீர் காய்ச்சினா வேற என்ன வரும்? யாவாரம் நல்லா நடக்கட்டும், சர்க்கரை உள்ளவ மட்டும் தன் தம்ளர்ல போடாம இருக்கட்டும்.

வெறும் வயித்துல எடுக்கிற ஒரு நாள் டெஸ்டை மட்டும் நம்பி இருக்காதீங்க. மூணு மாசச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனை இருக்கு, எச்.பி.ஏ.1.சி-ன்னு சொல்லுவாங்க. அது பொதுவா 7-க்குக் கீழ இருக்கணும்னு பார்ப்பாங்க. வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்லுவார். டெஸ்டுக்கு முதல் நாள் பட்டினி கிடந்து இந்த எண்ணை ஏமாத்த முடியாது.

சர்க்கரைக்குத் தர்ற மெட்ஃபார்மின் மாத்திரையை வருசக்கணக்கா சாப்பிடுற சிலருக்கு உடம்புல வைட்டமின் பி12 குறைஞ்சு போகும். பி12 குறைஞ்சாலும் கை கால் மரத்துப் போகும், எரியும். கறி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவங்களுக்கும் குறையும். அதுக்காக மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்தக் கூடாது, அது நல்ல மாத்திரை. "பி12 பார்க்கணுமா சார்"னு ஒரு கேள்வி கேளுங்க, போதும். குறைவு இருந்தா ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரி பண்ணலாம். குறைவே இல்லாதவளுக்கு "நரம்பு ஊசி"ன்னு வாரம் ஒண்ணு போட்டா, போட்டவருக்குத்தான் வருமானம். பஸ் ஸ்டாண்டு சுவர்ல நரம்புத் தளர்ச்சின்னு நோட்டீஸ் ஒட்டுறாங்களே, அது ஆம்பளைகளைப் பயமுறுத்திக் காசு பறிக்கிற சமாச்சாரம், அதுக்கும் நான் சொல்ற நரம்புக்கும் சம்பந்தம் கிடையாது.

அடுத்தது கை. பீடி சுத்துறவங்க, ஓலைப் பெட்டி முடையுறவங்க, தையல் மிஷின் மிதிக்கிறவங்க இதைக் கவனிங்க. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அதுக்கு அடுத்த விரல்ல பாதி. இந்த மூணரை விரல் மட்டும் மரத்துப் போகுதா? சுண்டுவிரல் நல்லா இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து கையை உதறுறீங்களா? அப்படின்னா மணிக்கட்டுல ஒரு இடுக்கு வழியா போற நரம்பு அழுங்குது. கார்பல் டனல்னு அதுக்குப் பேரு. கர்ப்பமா இருக்கிறப்பவும், தைராய்டு குறைஞ்சாலும், சர்க்கரை இருந்தாலும் இது வரும். ஆரம்பத்துல மணிக்கட்டு மடங்காம நேரா வச்சுக் கட்டுற பட்டையை ராத்திரி போட்டுக்கிட்டுப் படுத்தாலே பலருக்குக் குறையும். வேலைக்கு நடுவுல அரை மணிக்கு ஒரு தடவை கையை வச்சுட்டு விரலை விரிச்சு மடக்குங்க. ஆயிரம் பீடி எண்ணிக்கை குறையுமேன்னு நீங்க யோசிக்கிறது புரியுது. கூலி எண்ணிக்கைக்குத்தான், நரம்புக்கு யாரும் கூலி தர்றதில்லை. ஆனா பெருவிரல் அடிச் சதை குழி விழ ஆரம்பிச்சு, சட்டைப் பொத்தான் போட வரலை, பீடி இலை கையில நிக்கலைன்னா அப்பறம் பட்டை போதாது. சின்ன ஆபரேசன் இருக்கு, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். அதைத் தள்ளிப் போட்டா சதை திரும்பி வராது.

அக்கி வந்தா காவி வச்சு எழுதுறோம். எழுதுங்க, மனசுக்கு ஆறுதல். ஆனா எழுதின கையோட ஆஸ்பத்திரிக்கும் போங்க. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ் மருந்து ஆரம்பிச்சா அக்கி சீக்கிரம் அடங்கும், வலியும் குறையும். வயசானவங்களுக்குக் கொப்புளம் காஞ்ச பிறகும் அந்த இடம் மாசக்கணக்குல, ஏன் வருசக்கணக்குல எரியும். சேலை உரசினா உயிர் போகும். கண்ணுக்கிட்ட, நெத்தியில வந்தா அன்னைக்கே போகணும், பார்வையே போயிரும்.

முகத்துல ஒரு பக்கம் மின்னல் வெட்டினாப்ல வலிக்குதுன்னு நல்ல பல்லைப் பிடுங்கினவங்க உண்டு. பல் கெட்டிருக்கலாம், நரம்பாகவும் இருக்கலாம். ஒரு பல் போயும் வலி போகலைன்னா ரெண்டாவது பல்லைக் குடுக்குறதுக்கு முன்னால நரம்பு டாக்டரைப் பாருங்க.

இப்ப ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும். டாக்டர் பால் பிராண்ட்னு பேரு. வெள்ளைக்காரர்தான், ஆனா 1914-ல பிறந்தது நம்ம கொல்லிமலையில. 1946-ல வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தக் காலத்துல தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழுந்துரும்னு டாக்டர்களே நம்பிக்கிட்டு இருந்தாங்க. இவர் உக்காந்து ஒவ்வொரு ஆளையும் கவனிச்சார். விரல் தானா விழலை. அந்த நோய் நரம்பைக் கெடுத்து வலியைக் கொன்னுருது. வலி தெரியாததால சுடுகிற பாத்திரத்தைக் கையில பிடிச்சாங்க, ஆணி குத்தின கால்லயே நடந்தாங்க, ராத்திரி உறங்கும்போது எலி விரலைக் கடிச்சதுகூடத் தெரியலை. அதுக்குப் பிறகு வீட்டுக்குப் போற நோயாளி கையில ஒரு பூனையையும் குடுத்து அனுப்பினாங்களாம். சிரிக்கிறீங்க. ஆனா அந்தப் பூனை பல பேர் விரலைக் காப்பாத்தியிருக்கும். மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். செருப்புன்னு இன்னைக்குச் சர்க்கரை நோயாளிக்குத் தர்றோமே, அது வேலூர், கரிகிரி பக்கம் தொழுநோயாளிகளுக்காகச் செஞ்சு பழகின செருப்புதான்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, எரியுற காலை விட எரிச்சல் நின்ன காலுக்குத்தான் நான் அதிகமாப் பயப்படுவேன். எரிச்சல் நின்னா ரெண்டு காரணம் இருக்கலாம். நரம்பு தேறியிருக்கலாம். இல்லைன்னா முழுசாச் செத்திருக்கலாம். "அந்தத் தைலம் போட்டேன், எரிச்சலே போயிருச்சு"ன்னு சந்தோசமாச் சொன்ன ஒரு அக்கா, எங்கிட்ட வரும்போது செருப்புல ஏறின கருவேல முள்ளு உள்ளங்கால்ல அரை அங்குலம் இறங்கியிருந்துச்சு. வீட்டுல இருந்து கிளினிக் வரைக்கும் நடந்தே வந்திருக்காங்க. (தொழுநோய் இன்னும் ஒழியலை, அதையும் சொல்லிருதேன். உடம்புல வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அந்த இடத்துல உணர்ச்சி இல்லைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. மாத்திரை இலவசம், முழுசாக் குணமாகும், ஒதுக்கி வைக்க ஒண்ணும் இல்லை.)

காலுல உணர்ச்சி இருக்கான்னு பார்க்க மிஷின் வேண்டாம். இங்கிலாந்துல இப்ஸ்விச்னு ஒரு ஊர்ல இருக்கிற டாக்டர்கள் ஒரு எளிய வழி சொன்னாங்க. உங்க குழுக் கூட்டத்துல ஒருத்திக்கு ஒருத்தி பார்த்துக்கலாம். பார்க்கப்படுறவ காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கணும். பார்க்கிறவ தன் ஆள்காட்டி விரல் நுனியால, இறகு பட்டாப்ல, ஒண்ணு ரெண்டு நொடி தொடணும். குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. ரெண்டு கால்லயும் பெருவிரல், சுண்டுவிரல், நடுவிரல், மொத்தம் ஆறு இடம். தொடும்போது "வலது", "இடது"ன்னு அவ சொல்லணும். சொல்லலைன்னா திரும்பத் தொட்டுப் பார்க்கக் கூடாது, தெரியலைன்னே குறிச்சுக்கிடுங்க. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா அந்தக் காலு ஆபத்துல இருக்கு. அவளை அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு நிமிசம் ஆகாது. சந்தா வசூல் பண்ற நேரத்துல நாலு பேருக்குப் பார்த்துரலாம்.

உணர்ச்சி குறைஞ்ச காலை வச்சிருக்கிறவ ராத்திரி படுக்கப் போகும்போது உள்ளங்காலைப் பார்க்கணும். குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில போட்டுப் பாருங்க, இல்லைன்னா பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்க. கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறின இடம், விரலிடுக்குல ஈரப்புண் இதெல்லாம் இருக்கான்னு. வெந்நீர் ஒத்தடம், செங்கல் சுட்டு வைக்கிறது, உப்பு வறுத்துக் கட்டுறது, இது மூணும் மரத்துப்போன காலுக்கு ஆகவே ஆகாது. சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். எரிச்சலுக்கு ஐஸ் தண்ணியில காலை வச்சுக்கிட்டே உக்காந்திருக்கிறதும் அதே அளவு கெடுதல். ஈரத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு கொஞ்ச நேரம் போடுங்க, போதும். குளிக்கிற தண்ணியை முழங்கையால தொட்டுப் பாருங்க, பாதத்தால பார்க்காதீங்க. கால் ஆணியை பிளேடு வச்சு அறுக்காதீங்க.

மெட்டி விசயம் ஒண்ணு இருக்கு. கால் வீங்குறவங்களுக்கு மெட்டி சதையில இறங்கி அறுத்துரும், வலியும் தெரியாது. கழட்டச் சொன்னா முகம் மாறுது. கழட்டிப் பெரிசு பண்ணிப் போடுங்க, இல்லைன்னா கழுத்துல தாலியோட கோர்த்துக்கிடுங்கன்னு நான் சொல்லியிருக்கேன், செஞ்சவங்களும் உண்டு. அதே மாதிரி உவரி கோயிலுக்கோ, ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கோ, இடிந்தகரை மாதா கோயிலுக்கோ நேர்ச்சைன்னு போறவங்க, உச்சி வெயில்ல அந்த மணல்ல வெறுங்காலோட நடக்காதீங்க. காலையில போங்க. வாசல் வரைக்கும் செருப்புப் போட்டுக்கிடுங்க. சாமி கோவிக்காது.

ஒரு அம்மா கதை. பேர் வேண்டாம், இந்தக் கூட்டத்துல இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு யாருன்னு தெரியும். ஒன்பது வருசமா சர்க்கரை. கால் எரிச்சல். குழுவுல 20,000 கடன் எடுத்தாங்க, கறவை மாட்டுக்குன்னு. மாடு வரலை. யாரோ சொன்ன ஒரு இடத்துக்குப் போய் ஊசி போட்டு, பொட்டலம் பொட்டலமா பேர் எழுதாத பொடி வாங்கிச் சாப்பிட்டாங்க. முதல் வாரம் வலி பறந்து போச்சு. மூணு மாசத்துல முகம் ஊதி, சர்க்கரை 400-க்குப் போச்சு. பேர் இல்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்திருந்தா அப்படித்தான் ஆகும். இதுக்கிடையில செருப்பு வார் உரசின புண்ணை அவங்க பார்க்கவே இல்லை. வலது கால் பெருவிரலை எடுத்தாங்க. மீதித் தவணையைக் குழுப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து கட்டினாங்க, அதை நான் பெரிசா மதிக்கிறேன். ஆனா ஒருத்திகூட அதுக்கு முன்னால "மாடு எங்கக்கா"ன்னு கேட்கலை. கேட்டா மனசு சங்கடப்படும்னு விட்டிருக்காங்க. கேட்டிருந்தா காலு பேசியிருக்கும்.

சரி, மருந்து. சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரிசாக் கேக்காது. கேக்கலையேன்னு ரெண்டு, மூணுன்னு கூட்டிக்கிட்டே போறோம். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையை மாசக்கணக்கா விழுங்கினா வயித்துல புண்ணு வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை உள்ளவளுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பயந்துக்கிட்டுத்தான் இருக்கு. நரம்பு வலிக்குன்னு தனியா மருந்து இருக்கு. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கபாபென்டின், ப்ரிகாபலின். இந்தப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், சீட்டுல பார்த்தா நரம்புக்குத்தான்னு தெரிஞ்சா போதும்.

இதுல முதல் ரெண்டும் மனச்சோர்வுக்காகக் கண்டுபிடிச்ச மருந்து. பிறகுதான் நரம்பு வலிக்கும் நல்லாக் கேக்குதுன்னு தெரிஞ்சுது. இங்கதான் நம்ம ஊர்ல கதையே கெடுது. மருந்துக்கடைப் பையன் "இது மனநோய் மாத்திரைல்லா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருதான். அது மாமியார் காதுல விழுது. "இவளுக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டாங்க"ன்னு தெரு முழுக்கப் பேச்சு. இவ மாத்திரையைக் குப்பையில போட்டுட்டு, பழையபடி ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அமிட்ரிப்டிலின்னா நரம்பு வலிக்குத் தர்றது ரொம்பக் குறைஞ்ச அளவு, பெரும்பாலும் ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. கெட்டுப்போன நரம்போட கூச்சலை அது தணிக்குது, அவ்வளவுதான்.

இன்னைக்குச் சாப்பிட்டு நாளைக்குக் கேக்காது. ரெண்டு வாரம், சிலருக்கு நாலு வாரமும் ஆகும். முதல்ல வாய் காயும், தூக்கமா வரும், மலச்சிக்கல் இருக்கும். ப்ரிகாபலின், கபாபென்டின்னா தலை சுத்தும், சிலருக்குக் கால் வீங்கும். ராத்திரி எழுந்திருக்கும்போது கட்டில்ல ஒரு நிமிசம் உக்காந்துட்டு எழுந்திரிங்க. இருதய நோய், கண் நீர் அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. நல்லா இருக்குன்னு ஒரேயடியா நிறுத்தாதீங்க, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சுன்னு அவங்க மாத்திரையை வாங்கிப் போடாதீங்க.

வலி முழுசாப் போயிருமான்னு கேப்பீங்க. பலருக்குப் போகாது. பத்துல எட்டு இருந்த வலி நாலுக்கு வந்தா, அஞ்சு மணி நேரம் உறக்கம் வந்தா, அந்த மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். "ஒரே ஊசியில போக்கிருவேன்"னு சொல்றவரைத் தேடிப் போறது, டாக்டர்கள் இந்த உண்மையை நம்மகிட்ட உக்காந்து சொல்லாததாலதான். சொல்ல நேரம் இல்லை அவங்களுக்கு. அதனால நான் சொல்லுதேன். மிளகாய்க் காரத்துல இருந்து எடுக்கிற கேப்சைசின்னு ஒரு களிம்பும் உண்டு, சிலருக்கு எரிச்சலைக் குறைக்கும். அதுக்காக வீட்டு மிளகாயை அரைச்சுப் பூசிராதீங்க தாயீ.

மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதியை நாமதான் பார்க்கணும். வலி குறைஞ்ச அன்னைக்கு ஒரு வாரத் துணியையும் துவைச்சு, வீட்டை மெழுகி, தண்ணி பத்துக் குடம் எடுத்துட்டு, அடுத்த மூணு நாள் படுத்துக் கிடக்கிறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். நல்ல நாளோ கெட்ட நாளோ, ஒரே அளவு வேலை, கூறு கூறாப் பிரிச்சு. துணி இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி. புண் இல்லாத காலுன்னா நல்ல செருப்பு போட்டுத் தினமும் அரை மணி நேரம் நடங்க. நடந்தா நரம்புக்கு ரத்தம் போகும், சர்க்கரையும் இறங்கும். இடுப்பு நரம்புன்னா ரெண்டு நாளுக்கு மேல படுத்தே கிடக்காதீங்க, படுக்கை அதைக் கூட்டத்தான் செய்யும். ராத்திரி போர்வை கால்ல படாம இருக்க, கால்மாட்டுல ஒரு முக்காலியைப் போட்டு அதுக்கு மேல போர்வையை விடுங்க. சின்ன விசயம், ஆனா ராத்திரி நிம்மதி.

இனி நான் முதல்ல மனசுல வைக்கச் சொன்ன விசயம். எக்ஸ்ரே நல்லா இருக்கு, ஸ்கேன் நல்லா இருக்கு, ஆனா வலிக்கு. நரம்பு வலி எக்ஸ்ரேயில தெரியாது. அப்ப வீட்டுல என்ன சொல்றாங்க? "நடிக்கிறா", "வேலைக்குச் சோம்பல்". ஆம்பளைக்கு வலின்னா கட்டில் போட்டுக் குடுக்கிறோம், பொம்பளைக்கு வலின்னா சாட்சி கேக்கிறோம். வீட்டுல மாத்த நாளாகும். நம்ம குழுவுல நாமே அதைச் செய்யலாமா? கூட்டத்துக்கு வரலைன்னு அபராதம் போடுறதுக்கு முன்னால ஒருத்தி அவ வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரட்டும். அவ முறைக்கு வர்ற வேலையை மாத்திக் குடுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி கூடப் போங்க. கூட ஆள் போனா டாக்டரும் ரெண்டு நிமிசம் கூடப் பேசுறார், இது நான் பல வருசம் கண்ணால பார்த்தது.

ஒரு கோரிக்கையும் வைக்கிறேன், செயற்குழு யோசிக்கட்டும். மருத்துவ உள்கடன் கேக்கிறவகிட்ட "எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய்ன்னு சொன்னாங்க"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக்கிடுங்க. கடனை மறுக்கிறதுக்கு இல்லை. அதுக்கு முன்னால இலவசமாக் கிடைக்கிறதைப் பார்த்தாளான்னு தெரிஞ்சுக்கிடத்தான். 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை குடுக்கிற தன்னார்வலர்கள் யாரு? நம்ம குழுப் பெண்கள்தான். அதே திட்டத்துல இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்க்கிற நர்சும் வீட்டுக்கு வர்றாங்க. மாத்திரை குடுக்க வர்ற தங்கச்சியை வாசலோட அனுப்பாம, "என் காலை ஒரு தடவை பாரு"ன்னு கேளுங்க.

சில விசயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இடுப்பு வலியோட மூத்திரம் போக முடியலை, அடக்கவும் முடியலை, உக்கார்ற இடம் மரத்துப் போச்சு, பாதம் தூக்க முடியாமத் தொங்குதுன்னா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு காலும் மளமளன்னு பலம் குறைஞ்சு மேல ஏறினா அப்பவும் அப்படித்தான். ஒரு பக்கம் கை கால் திடீர்னு மரத்து வாய் கோணினா அது நரம்பு வலி இல்லை, பக்கவாதம், 108-ஐக் கூப்பிடுங்க. சர்க்கரைக் காலுல புண்ணு சிவந்து, வீங்கி, காய்ச்சல் வந்தா விடியட்டும்னு பார்க்காதீங்க. வள்ளியூர் பக்கம் உள்ளவங்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியும் உண்டு, தெற்க உள்ளவங்களுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜும் உண்டு, எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்க போங்க.

வேன் நாலரைக்குத்தான் கிளம்பும்னு சொன்னாங்க. அந்தத் தூண் பக்கத்துல பாய் விரிச்சிருக்கு, தன்னார்வலர் தங்கச்சிங்க ரெண்டு பேர் இருக்காங்க. சர்க்கரை உள்ளவங்க முதல்ல போங்க. காலைக் கழுவிட்டு, நல்லாத் துடைச்சுட்டுப் படுங்க. ஆறு விரல்ல எத்தனை தெரிஞ்சுதுன்னு சீட்டுல எழுதித் தருவாங்க, அதைப் பத்திரமா வச்சு, அடுத்த தடவை டாக்டர்கிட்டக் காட்டுங்க.